குழாய்த் தாவரங்களும் குழாயற்ற தாவரங்களும்

பாசி என்னும் சொல் தமிழில் பரந்த பொருளுடையது. குளத்து நீரின் மேல் பச்சை நிறமாய்ப் படர்வதும் பாசி. மழைக் காலத்தில் மதிற்சுவரில் வெல்வெட்டு விரித்தாற்போல் வளர்வதும் பாசி. மசாலாப் பொருளாகக் கடைகளில் விற்கப்படும் கல்பாசியும் பாசி. நீரினுள் கொடியாய் நீண்டு வளரும் ஹைட்ரில்லாவும் பாசியே. ஆயின், தாவரவியல் நோக்கில் இவை நான்கும் ஒரே இனத்தைச் சார்ந்தன அல்ல. முதலாவது ஆல்கா, இரண்டாவது மாஸ், மூன்றாவது, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன், நான்காவதோ பூக்கும் செடி.

இம்மயக்கம் பெயரோடு நின்றுவிடுவதில்லை. தோப்பிலுள்ள மரத்தின் அடிப்பகுதியில் மாஸ் படர்ந்திருப்பதைக் கண்டு, அது மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றதென அஞ்சிச் சுரண்டி எடுப்போர் பலர். அதே மரத்தின் கிளையில் வளரும் புல்லுருவியைப் பசுந்தழையெனக் கருதி விட்டுவிடுவதும் உண்டு. முன்னது மரத்திற்குத் தீங்கற்றது. பின்னதோ மரத்தின் நீர்வழியோடு தன் நீர்வழியை இணைத்துக்கொண்டு வாழ்வது. இவ்வேறுபாட்டை அறிய, தாவரத்தின் உயரமோ நிறமோ வடிவமோ போதிய துணை செய்வதில்லை. அதன் உடலினுள் நீரும் உணவும் எவ்வழியே செல்கின்றன என்று வினவுதல் வேண்டும். குழாய்த் தாவரங்கள், குழாயற்ற தாவரங்கள் என்னும் பாகுபாடு இவ்வினாவினின்றே எழுந்ததாகும்.

நிலத்தில் வாழ்வதன் இடர்

நீரில் மூழ்கி வாழும் ஆல்காவிற்கு நீரைத் தேடும் தொல்லை இல்லை. அதன் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் சூழ்ந்துள்ள நீரிலிருந்து வேண்டியதைத் தானே பெற்றுக்கொள்கின்றது. நிலத்தில் வாழும் செடியின் நிலை வேறு. அதற்கு வேண்டிய நீர் கீழே மண்ணில் உள்ளது. வெயிலோ மேலே உள்ளது. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை எவ்வாறு கடப்பது என்பதே நிலத் தாவரங்கள் யாவும் எதிர்கொண்ட இடர்.

இதற்கு இரு தீர்வுகள் ஏற்பட்டன. உடலைச் சிறிதாக வைத்துக்கொண்டு, ஈரமுள்ள பரப்பினை ஒட்டியே வாழ்ந்து, உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சிக்கொள்வது ஒன்று. மண்ணினுள் வேரினைச் செலுத்தி, அங்கிருந்து இலையின் நுனி வரையில் குழாய்கள் அமைத்து நீரை மேலேற்றுவது மற்றொன்று. முதல் வழியில் வாழ்பவை மாஸ்கள், லிவர்வொர்ட்டுகள், ஹார்ன்வொர்ட்டுகள் ஆகிய பிரயோபைட்டுகள். உலகில் இவற்றுள் ஏறக்குறைய 20,000 இனங்கள் உள்ளன. இரண்டாம் வழியில் வாழ்பவை பெரணிகளும் அவற்றையொத்தவையும், பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களும், பூக்கும் தாவரங்களும் ஆம். இவற்றின் இனத்தொகை மூன்றரை இலட்சத்திற்குக் குறையாது.

குழாய்த் திசுவின் அமைப்பு

குழாய்த் தாவரங்களில் ஸைலம், புளோயம் என இருவகைக் கடத்துந் திசுக்கள் உள்ளன. ஸைலம் நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் வேரிலிருந்து மேலே கொண்டு செல்வது. புளோயம் இலையில் உண்டான சர்க்கரையைத் தண்டு, வேர், காய், கிழங்கு ஆகிய இடங்களுக்குக் கொண்டு செல்வது.

ஸைலத்தின் குழாய்கள் உயிரற்ற உயிரணுக்களால் ஆனவை. இவ்வுயிரணுக்கள் வளர்ந்து, சுவர்களைத் தடிக்கச் செய்துகொண்டு, பின்னர் மடிந்து, உள்ளீடற்ற கூடுகளாகின்றன. அவற்றின் சுவரில் லிக்னின் என்னும் கடினமான பொருள் படிகின்றது. மரத்திற்கு உறுதியைத் தருவது இதுவே. இளங்குழாய்களில் இத்தடிப்பு வளையங்களாகவோ சுருள்வில்லாகவோ அமைந்திருக்கும். தாமரைத் தண்டினை மெல்ல ஒடித்து இரு துண்டுகளையும் விலக்கினால், இடையே வெள்ளிய நூலிழைகள் நீள்வதைக் காணலாம். திரியாகவும் நூலாகவும் பயன்படும் இத்தாமரை நூல், ஸைலக் குழாய்களின் உட்சுவரிலிருந்த சுருள் பிரிந்து நீண்டதேயாகும். நுண்பெருக்கியின்றிக் குழாய்த் திசுவின் அமைப்பைக் கண்ணாற்காண இதனினும் எளிய வழி இல்லை.

இத்தடிப்பின் தேவை என்ன? இலையிலிருந்து நீர் ஆவியாகும்பொழுது, குழாயினுள் உள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றது. நீர்த்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையனவாதலால், வேரிலிருந்து இலை வரையில் நீர் ஓர் அறாத கயிறு போல மேலேறுகின்றது. இவ்விளக்கத்தை 1894ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து டிக்ஸன், ஜோலி என்னும் அறிஞர்கள் அளித்தனர். இழுவை மிகுங்கால் மெல்லிய சுவருடைய குழாய் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளும். லிக்னின் படிந்த சுவரோ அவ்விழுவையைத் தாங்கி நிற்கும். எனவே, நீர்க்குழாயை வலுப்படுத்திய அதே பொருள் தாவரத்தை நிமிர்ந்து நிற்கவும் செய்தது. கலிபோர்னியாவில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஒரு செம்மரம் 115 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதற்கு இவ்வமைப்பே அடிப்படை.

குழாயின் அகலமும் கருதத்தக்கது. குழாயின் ஆரம் இருமடங்கானால், அதே நிலையில் அதன் வழியே செல்லும் நீர் பதினாறு மடங்காகும். பெரணிகளிலும் ஊசியிலை மரங்களிலும் குறுகிய நுண்குழல்களே பெரும்பாலும் உள்ளன. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் அகன்ற குழாய்களும் உண்டு. அகன்ற இலைகளை விரித்து மிகுதியான நீரை ஆவியாக்கும் வாழ்க்கைக்கு இக்குழாய்கள் துணையாயின.

குழாயற்றவற்றின் வாழ்க்கை

மாஸ் செடியில் வேர் இல்லை. அடியில் காணப்படும் நுண்ணிழைகள் பற்றுக்கோடாக மட்டுமே பெரிதும் பயன்படுகின்றன. இவை வேரிழைகள் எனப்படும். அதன் இலை பெரும்பாலும் ஒரே உயிரணுப் படலத்தால் ஆனது. மழைத்துளி பட்டவுடன் அப்படலமே நேராக நீரை உறிஞ்சுகின்றது. செடிகள் நெருங்கி வளர்வதால், அவற்றின் இடைவெளிகளில் நீர் தங்குகின்றது. நுண்துளை ஈர்ப்பினால் செடியின் புறத்தே மேலேறவும் செய்கின்றது. அதாவது, குழாய்த் தாவரம் நீரை உள்ளே வைத்துக் கடத்துகின்றது. மாஸ் பெரிதும் வெளியே வைத்துக் கடத்துகின்றது.

வெயில் காலத்தில் சுவரிலுள்ள மாஸ் கரிந்து செத்தது போல் தோன்றும். முதல் மழைக்குப் பின் அதே மாஸ் பசுமை பெறுவதைக் காணலாம். உடலிலுள்ள நீர் வற்றினும் உயிரை ஒடுக்கி வைத்திருக்கும் ஆற்றல் பல மாஸ்களுக்கு உண்டு. எனவே, இவற்றைக் குறைபாடுடைய செடிகள் எனக் கற்பிப்பது பொருந்தாது. வேர் நுழைய இடமில்லாத பாறையிலும் மரப்பட்டையிலும் இவை வாழ்கின்றன. நீரைச் சேமிப்பதற்குப் பதிலாக, நீரின்மையைப் பொறுத்துக்கொள்கின்றன.

இங்கு ஒரு நுட்பத்தை ஆசிரியர்கள் அறிதல் வேண்டும். குழாயற்றவை எனப் பெயர் பெற்ற எல்லாவற்றிலும் கடத்தும் உயிரணுக்களே இல்லை என்று கூறிவிட இயலாது. பாலிட்ரிக்கம் என்னும் மாஸின் தண்டு நடுவில் நீரைக் கடத்தும் நீண்ட உயிரணுக்கள் உள்ளன. ஆஸ்திரேலியப் பகுதியில் வளரும் டாஸோனியா என்னும் மாஸ் அரை மீட்டர் அளவும் உயரும். ஆயினும், இவ்வுயிரணுக்களின் சுவரில் லிக்னின் தடிப்பு இல்லை. எனவே இவை ஸைலம் ஆகா. இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வேலி லிக்னின் தடிப்புடைய குழாய் என்பதை மாணவர்க்குத் தெளிவாகக் கூறுதல் நன்று.

இரு தலைமுறைகள்

நிலத் தாவரங்கள் யாவற்றிலும் வாழ்க்கை இரு தலைமுறைகளாக மாறி மாறி நிகழ்கின்றது. ஒரு தலைமுறை ஆண், பெண் இனவணுக்களை உண்டாக்குவது. மற்றொன்று ஸ்போர்களை உண்டாக்குவது. மாஸில் கண்ணுக்குத் தெரியும் பச்சைச் செடி இனவணுத் தலைமுறையாகும். அதன் உச்சியில் மெல்லிய காம்பும் நுனியில் சிறு பெட்டியுமாக நிற்பதே ஸ்போர்த் தலைமுறை. அது தாய்ச்செடியை ஒட்டியே வாழ்ந்து முடிகின்றது. பெரணியில் இந்நிலை தலைகீழாகின்றது. இலை விரித்து நிற்கும் பெரணி ஸ்போர்த் தலைமுறை. அதன் இனவணுத் தலைமுறையோ ஈரமான செங்கல்லில் விரல் நகத்தினும் சிறிதாய், இதய வடிவில் ஒட்டி வளரும் பச்சைத் தகடாகும்.

இத்தகட்டில் குழாய்த் திசு இல்லை. குழாய்த் தாவரமாகிய பெரணியும் தன் வாழ்வின் ஒரு பகுதியைக் குழாயற்ற உடலோடு கழிக்கின்றது. களத்தில் இத்தகட்டை லிவர்வொர்ட் எனப் பதிவு செய்துவிடுதல் எளிது. அருகில் இளம்பெரணிகள் முளைத்துள்ளனவா எனப் பார்த்தல் இப்பிழையைத் தவிர்க்கும். குழாய் பெற்ற தாவரங்கள் யாவும் கருவுறுவதற்கு நீரை வேண்டா என்பதும் ஒரு பிழையான கூற்று. மாஸின் ஆண் அணுவைப் போன்றே பெரணியின் ஆண் அணுவும் நீரில் நீந்தியே பெண் அணுவை அடைகின்றது. இத்தேவையினின்று பெரிதும் விடுபட்டவை விதைத் தாவரங்களே. குழாய் வேறு, விதை வேறு.

தோற்றத்தால் மயக்குவன

மத்திய இந்தியாவின் குன்றுகளில் செலாஜினெல்லா பிரயோப்டெரிஸ் என்னும் செடி வளர்கின்றது. உலர்ந்தால் பந்துபோல் சுருண்டுகொண்டு, நீர் பட்டால் சில மணி நேரத்தில் விரிந்து பசுமை பெறுவதால், சந்தைகளில் இதனைச் சஞ்சீவனி என்று கூறி விற்பர். இயல்பு மாஸினுடையது போல் இருப்பினும், தண்டில் ஸைலமும் கீழே உண்மையான வேர்களும் உள்ளமையால் இது குழாய்த் தாவரமே.

ஸைலோட்டம் என்னும் செடி வேரும் உண்மையான இலையும் அற்றது. பச்சைக் குச்சிகள் கவைத்துக் கவைத்து நிற்பது போன்ற தோற்றமுடையது. இதன் தண்டிலும் ஸைலம் உண்டு. மழைக்காடுகளில் வளரும் மெல்லிலைப் பெரணிகளின் இலை, நரம்புகள் நீங்கலாக, ஒரே உயிரணுப் படலமாய் மாஸ் இலையை ஒத்திருக்கும். நரம்புகளே அதன் இனத்தை உணர்த்தும். குளங்களில் குண்டூசித் தலையளவாய் மிதக்கும் வுல்ஃபியா பூக்கும் தாவரமாயினும், அதன் உடலில் ஸைலக் குழாய்கள் மறைந்தே போயின எனலாம். நீரில் மிதந்து எப்புறத்தாலும் உறிஞ்சும் செடிக்குக் குழாய் எதற்கு? முன்னோர் பெற்றிருந்ததைப் பின்வந்தோர் இழத்தலும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இத்தகைய விதிவிலக்குகளில் ஓர் உறுப்பை மட்டும் நோக்காது, பூ முதலிய பிற உறுப்புகளையும் கருதியே இனத்தைத் துணிதல் வேண்டும்.

பாறைகள் கூறும் வரலாறு

ஸ்காட்லாந்து நாட்டின் ரைனி என்னும் சிற்றூரில், 1912ஆம் ஆண்டளவில், தொல் தாவரங்கள் சிதையாமல் கல்லாகிப் பதிந்த பாறைகள் கண்டறியப்பட்டன. ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்த வெந்நீரூற்றுகளின் மணற்சத்து அச்செடிகளை மூடிக் காத்தது. 1917 முதல் 1921 வரையில் கிட்ஸ்டன், லாங் என்னும் அறிஞர்கள் அவற்றை விரித்துரைத்தனர். அவற்றுள் ஒன்று, ரைனியா இனத்தைச் சார்ந்த குழாய்த் தாவரமெனவே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் அதன் குழல்களில் ஸைலத்திற்குரிய தடிப்பு இல்லை எனக் கண்டு, 1986ஆம் ஆண்டில் அதற்கு அக்லாவோபைட்டன் எனப் புதுப்பெயர் இடப்பட்டது. நிமிர்ந்து கிளைத்து நின்ற செடியும் குழாய்த் தாவரமாகாதிருக்கலாம் என்பதை இது காட்டுகின்றது. இதனினும் முற்பட்ட, ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகளுக்கு முந்திய குக்ஸோனியாவை லாங் 1937ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். சில சென்டிமீட்டர் உயரமே உடைய இதுவே குழாய்த் தாவரங்களின் தொடக்கக் காலச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுகின்றது.

இச்சான்றுகளைக் கொண்டு, மாஸ் வளர்ந்து பெரணியாயிற்று, பெரணி வளர்ந்து மரமாயிற்று என ஏணிப்படி போல் கற்பித்தல் தவறாகும். மாஸ்களும் குழாய்த் தாவரங்களும் பொதுவான முன்னோரினின்று பிரிந்து, தத்தம் வழியில் இந்நாள் வரையில் வாழ்ந்துவரும் கிளைகளாம். நம் நாட்டின் ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரிப் படுகைகள், குளோஸோப்டெரிஸ் போன்ற குழாய்த் தாவரங்களின் மரப்பொருள் புதைந்து உண்டானவை. இத்துறை ஆய்விற்காகவே லக்னோவில் 1946ஆம் ஆண்டில் பீர்பல் சாஹ்னி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. குழாயற்றவற்றைப் பற்றிய இந்திய ஆய்விற்குச் சிவராம் காசியப் (1882–1934) அடிகோலினார். மேற்கு இமயமலை, பஞ்சாபுச் சமவெளி ஆகியவற்றின் லிவர்வொர்ட்டுகளைப் பற்றிய அவருடைய நூல் 1929, 1932ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது.

களப்பணியில் இவ்வறிவின் பயன்

முதலாவது, ஒட்டி வளர்பவற்றை இனங்காணல். மாஸும் லைக்கனும் மரப்பட்டையை இருப்பிடமாகக் கொள்கின்றனவேயன்றி மரத்தின் சாற்றை எடுப்பதில்லை. புல்லுருவியோ உறிஞ்சுறுப்பினைக் கிளையினுள் செலுத்தி, மரத்தின் ஸைலத்தினின்று நீரையும் உப்புகளையும் எடுக்கின்றது. அம்மையார் கூந்தல் என்னும் இலையற்ற மஞ்சட்கொடி ஸைலம், புளோயம் இரண்டையும் பற்றி, உணவையும் கவர்கின்றது. ஆகவே, உழவரின் உழைப்பு மாஸைச் சுரண்டுவதில் வீணாகாமல், புல்லுருவியைக் கிளையோடு வெட்டி நீக்குவதில் செல்லுமாறு அறிவுறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, நோயின் இடத்தை அறிதல். வாழையின் பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சை வேர் வழியே புகுந்து ஸைலத்தில் பரவுகின்றது. நீர்வழி அடைபடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் இலை பழுத்துத் தொங்குகின்றது. இத்தகைய வாழைக்கு மேலும் நீர் பாய்ச்சுவதால் பயனில்லை; பாயும் நீர் நோயைப் பிற வாழைகளுக்கும் கொண்டு செல்லக்கூடும். கேரளத்தில் தென்னையைத் தாக்கும் வேர்வாடல் நோய்க்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் புளோயத்தில் வாழ்வது. மரத்தைச் சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்தெடுத்தால், புளோயம் அறுபட்டு, வேர் உணவின்றி மெலிந்து, மரம் நாளடைவில் மடிவதும் இதுபற்றியே. மருந்திற்காகப் பட்டை எடுப்போர் மரத்தை முற்றிலும் சுற்றி உரியாதவாறு வனப் பணியாளர் கண்காணித்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, மாஸ்களைக் காத்தல். இமயமலைச் சரிவுகளில் மாஸ்களை உரித்தெடுத்து, பூந்தொட்டிகளுக்கும் பழங்களைக் கட்டி அனுப்புவதற்கும் விற்பதுண்டு. இவ்விரிப்பு மழை நீரைத் தாங்கி மெல்ல மண்ணுக்கு விடுவது. மண்ணை அரிப்பினின்று காப்பது. விதைகள் முளைக்க ஈரப்படுக்கையாவது. ஸ்பாக்னம் என்னும் மாஸ் தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்கு வரையிலும் நீரைத் தாங்கும். உரித்த இடத்தில் மரக்கன்றுகளை நடுவதால் இவ்விழப்பு உடனே ஈடாகிவிடாது. மாஸ் மீண்டும் படர ஆண்டுகள் பல ஆகும்.

மேலும், மாஸ் உடல் முழுவதாலும் உறிஞ்சுவதால், காற்றில் கலந்து வரும் ஈயம் முதலிய உலோகங்களும் அதன் உடலில் தங்குகின்றன. இவ்வியல்பைக் கொண்டு காற்றின் மாசினை அளக்கும் முறையை 1960களின் இறுதியில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வகுத்தனர். ஒரு காலத்தில் மாஸ் செழித்திருந்த சுவரும் மரமும் வெறுமையாவதைக் களப்பணியாளர் ஆண்டுதோறும் குறித்து வைத்தல் பயனுடையது.

வகுப்பிற் செய்து காட்டத் தக்கவை

1. காசித்தும்பைச் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்துக. சில மணி நேரத்தில் தண்டினுள் சிவந்த கோடுகள் தோன்றும். தண்டைக் குறுக்கே வெட்டினால் அவை புள்ளிகளாய்த் தெரியும். அவையே ஸைலம் உள்ள இடங்கள்.

2. அரசிலையைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்துக் கழுவுக. மென்மையான பகுதி அழுகி நீங்க, நரம்பு வலை மட்டும் எஞ்சும். லிக்னின் எளிதில் அழுகாமையே இதற்குக் காரணம்.

3. மாஸை மை நீரில் நிறுத்தினும் நிறம் மேலேறக்கூடும். அது புறத்தே ஏறிய நீராதலால், இச்சோதனையை மட்டும் கொண்டு மாஸில் குழாய் உண்டெனத் துணியலாகாது. நுண்பெருக்கி உள்ள பள்ளிகளில், தண்டின் மெல்லிய குறுக்குவெட்டினைச் சாஃப்ரனின் சாயத்தில் தோய்த்துக் காண்க. பெரணித் தண்டில் லிக்னின் படிந்த சுவர்கள் செந்நிறம் பெற்று விளங்கும். மாஸில் அத்தகைய குழாய்கள் காணப்படா.

4. உலர்ந்த மாஸ் கொத்து ஒன்றை நிறுத்து, நீரில் நனைத்து, சொட்டும் நீர் வடிந்த பின் மீண்டும் நிறுக்க. எடை எத்தனை மடங்காயிற்று என மாணவரே கணக்கிடுவாராக.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. கல்பாசி, சுவரில் வளரும் மாஸ், ஹைட்ரில்லா ஆகிய மூன்றனுள் குழாய்த் தாவரம் எது? காரணம் கூறுக.

2. பாலிட்ரிக்கத்தில் நீர் கடத்தும் உயிரணுக்கள் இருந்தும், அது குழாய்த் தாவரங்களுடன் சேர்க்கப்படாதது ஏன்?

3. மாமரத்தில் படர்ந்த மாஸ், புல்லுருவி ஆகியவற்றுள் எதனை நீக்குதல் வேண்டும்? அதனை நீக்காவிடில் மரத்திற்கு நேர்வது யாது?

4. பெரணியின் வாழ்வில் குழாயற்ற நிலை எது? அது எங்குக் காணப்படும்?

இவ்வினாக்களுக்கு விடை காணும்பொருட்டு மாணவரை மழைக்காலத்தில் ஒரு முறையேனும் பள்ளிச் சுவரருகிலும், வயல் வரப்பிலும், குளக்கரையிலும் அழைத்துச் செல்லுதல் நலம். பாசி என்னும் ஒரே பெயரால் வழங்கும் பலவற்றை அவர்கள் அங்கே தாமே பிரித்தறிவர்.